பாறை ஏறறதுக்கு வெயிட் கம்மியான வயர்கேட் கேரபினர் (வயர்ல கேட், அதாவது கதவு, வெச்ச கொக்கி வளையம்) வாங்கணும், பதாமிக்கும் ராமநகராவுக்கும் எது சரிப்படும்?

துரஹள்ளி_தம்பி:

வணக்கம் மக்களே. ஊர் ஓசூர், வேலை பெங்களூர்ல. ரெண்டு வருஷமா துரஹள்ளி பாறைங்கள்ல போல்டரிங் (கயிறு இல்லாம சின்னப் பாறை ஏறறது) பண்ணிட்டு இருந்தேன், போன சீசன்லதான் லீட் (முதல் ஆளா, கயிறை வழியில மாட்டிக்கிட்டே) ஏற ஆரம்பிச்சேன், பாறையில போல்ட் அடிச்சு வெச்சிருக்கற பதாமிக்கு ரெண்டு ட்ரிப் போயாச்சு, ராமநகரால போல்ட் இல்லாத ரூட்ல ஒரு அண்ணன் லீட் பண்ண நான் பின்னாடியே ஏறி கியர் எல்லாம் கழட்டிட்டு வந்தேன். இதுவரைக்கும் எல்லாமே இரவல்தான். இப்போ சொந்தமா ஒரு செட் க்விக்ட்ரா (ரெண்டு கேரபினரை ஒரு துணிப் பட்டையில கோத்தது) வாங்கணும், அடுத்த வருஷத்துல இருந்து கேம், நட் (பாறை வெடிப்புல சொருகற பிடிப்புங்க) எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும்னு ஆசை.

இரவல் வாங்குன 12 க்விக்ட்ராவை வீட்டு சமையல் தராசுல வெச்சுப் பார்த்தேன், 1 கிலோ 300 காட்டுது. எல்லாம் பழைய சாலிட் கேட் (வயருக்குப் பதிலா கெட்டியான கதவு), பைனர் (கேரபினர்தான்) ஒவ்வொண்ணும் 45 கிராம் பக்கம். நெட்ல பார்த்தா எடல்ரிட் நைன்டீன் ஜி 19 கிராமாம், கேம்ப் நானோ 22க்கு பேருலயே வெயிட் இருக்கு, டிஎம்எம் ஃபான்டம் 26. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி குறையுது. மாமா பையன் ஜெர்மனில இருந்து டிசம்பர்ல வர்றான், லிஸ்ட் குடுத்தா வாங்கிட்டு வந்துருவான், அதுக்குள்ள முடிவு பண்ணணும்.

சந்தேகம் என்னன்னா, அந்த வயர் கேட்டைப் பார்த்தாலே மனசு ஒப்பல, குடை கம்பி மாதிரி இருக்கு, அதை நம்பி எப்படி விழறது? அப்புறம் இருக்கறதுலயே வெயிட் கம்மியானதை எடுத்துட்டா பதாமிக்கும் ராமநகராவுக்கும் ஒரே செட்டா போயிருமா இல்ல தனித்தனியா வேணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ், ஒரு தடவை காசு போட்டா பல வருஷம் ஓடணும்.

செம்மண்_கயிறு:

தம்பி, நான் 11 வருஷமா பதாமி போயிட்டு இருக்கேன், என் ஹார்னஸ்ல (இடுப்புல கட்டற பட்டை) இருக்கறதுல முக்கால்வாசி வயர்கேட்தான், அதனால முதல்ல அந்த பயத்தைப் போக்கிடறேன். லோடுல பெரும்பகுதியை முதுகுப் பக்கம் (கேட்டுக்கு எதிர்ப்பக்கம்) வாங்கும், மீதியை மூடின கேட் மூக்கோட (கேட் போய் மாட்டற முனை) கோத்துக்கிட்டு வாங்கும், கேட் மூடியிருந்தாதான் அந்த வளையம் முழுசாகுது. ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இ.என். 12275ல சாதாரண கேரபினருக்கு நீளவாக்குல கேட் மூடியிருக்கும்போது 20 கிலோநியூட்டன் தாங்கணும்னு இருக்கு, அதாவது ரெண்டு டன் வெயிட் தொங்கற மாதிரி. 19 கிராம் பைனரா இருந்தாலும் 45 கிராம் பைனரா இருந்தாலும் அந்த டெஸ்ட் ஒண்ணுதான்.

நீ பார்க்க வேண்டிய நம்பர் அது இல்ல. கேட் திறந்திருக்கும்போது எவ்வளவு தாங்கும்னு பாரு. ஸ்டாண்டர்ட் கேக்கறது 7தான். பைனர் முதுகுல சின்னதா ஒரு திறந்த கேட் படம் போட்டு பக்கத்துல நம்பர் அடிச்சிருப்பாங்க. "நான் கேட்டை மூடித்தானே வெப்பேன், திறந்ததுல எனக்கென்ன"ன்னு தோணும். ஒரு சின்ன சோதனை பண்ணு. உன் இரவல் சாலிட் கேட் பைனரைக் காதுகிட்ட பிடிச்சுக்கிட்டு முதுகுப் பக்கத்தை உள்ளங்கையில நல்லா ஓங்கித் தட்டு. டிக்னு ஒரு சத்தம் கேக்கும், அது கேட் திறந்து மூடின சத்தம். நீ விழும்போது பைனர் பாறையில போய் அடிச்சாலும் கயிறு வேகமா ஓடி அதிர்ந்தாலும் இதேதான் நடக்கும், கரெக்டா அந்த நொடியில லோடு வந்துச்சுன்னா உன் 20 கிலோநியூட்டன் பைனர் 7 கிலோநியூட்டன் பைனர் ஆயிருச்சுன்னு அர்த்தம். இப்போ வயர்கேட்டை வாங்கி அதே மாதிரி தட்டிப் பாரு, சத்தமே பெரும்பாலும் வராது. வயர்ல எடை இல்ல, அதனால தன்னால திறந்துக்கற வேகமும் இல்ல. நீ குடை கம்பின்னு சொல்ற அந்த மெல்லிசுதான் அதோட பெரிய பலம்.

ஆனா ஒரு குறை இருக்கு, அது பதாமிக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். வயர் போய் மாட்டிக்கறதுக்காக மூக்குல ஒரு கொக்கி மாதிரி பள்ளம் விட்டிருப்பாங்க. போல்ட் ஹேங்கர்ல (போல்ட்ல மாட்டின, ஓட்டை போட்ட ஸ்டீல் தகடு) இருந்து கழட்டும்போது அந்தக் கொக்கி ஹேங்கர் ஓட்டையில மாட்டும். ஓவர்ஹேங்க்ல (வெளிப்பக்கம் சாய்ஞ்ச பாறையில) ஒரு கையில தொங்கிக்கிட்டு ட்ராவை கழட்ட முயற்சி பண்ணா உசுரே போயிரும், அது எரிச்சல். அதைவிட மோசம், பைனர் சரியா உக்காராம மூக்கு மட்டும் ஹேங்கர்ல மாட்டிக்கிட்டு நிக்கறது. அந்த நிலையில லோடு வந்தா அதோட பலம் பத்துல ஒரு பங்கு அளவுக்குக் கூட இறங்கிரும், நீ விழ வேணாம், சும்மா உக்காந்து ஆட்டினாலே உடையலாம். அதனால போல்ட் பக்கத்துக்கு மூக்கு வழவழன்னு இருக்கற வயர்கேட் பாரு. வைல்ட் கன்ட்ரி ஹீலியம், டிஎம்எம் கைமீரா இதெல்லாம் அந்த மாதிரி. பிளாக் டைமண்ட் ஹூட்வயர்ல மூக்கைச் சுத்தி ஒரு கம்பி மறைப்பு வரும், அதுவும் மாட்டாது. இதெல்லாம் 30ல இருந்து 37 கிராம் வரைக்கும் இருக்கும், ஒண்ணுக்கு ஏழெட்டு கிராம் அதிகம்னு யோசிக்காதே.

கோவை_லேத்து:

வணக்கமுங்க. நான் ஏறறது எல்லாம் கெடையாதுங்க, எம் பையன்தான் ஏறுவான், ஆனா நான் முப்பது வருசமா ஃபோர்ஜிங் பட்டறையில இருக்கறவன், அவன் வாங்கியாந்த பைனரை எல்லாம் வெர்னியர் வெச்சு அளந்து பார்க்காம விடமாட்டேன். இந்த மேட்டர்ல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பைனர் எல்லாம் 7075 அலுமினியமுங்க, ஏரோப்ளேனுக்கு போடற ரகம். பழைய பைனர் பார்த்தீங்கன்னா உருண்டை ராடை வளைச்ச மாதிரி இருக்கும். இப்ப வர்றதை ஹாட் ஃபோர்ஜ் பண்றாங்க, சூட்டுல அடிச்சா மெட்டலை வேணுங்கற எடத்துக்குத் தள்ளலாம், வேண்டாத எடத்துல இருந்து எடுத்துரலாம். முதுகைத் தடவிப் பாருங்க, ரெண்டு பக்கமும் குழிஞ்சு நடுவுல மெல்லிசா இருக்கும். ரயில் தண்டவாளம், பில்டிங்குக்குப் போடற ஐ-பீம், அதே கணக்குதான். வெயிட்டு கொறையறது அங்கதானுங்க, பலத்துல கை வெக்கறதில்ல.

வயர்கேட்டுக்கு ஸ்ப்ரிங்கே கெடையாதுங்கறதை கவனிச்சீங்களா? சாலிட் கேட்டுக்குள்ள ஒரு குட்டி ஸ்ப்ரிங்கும் பின்னும் இருக்கும், மண்ணு போனா இறுகிக்கும். வயர்கேட்டுல வயரோட ரெண்டு முனையும் ஒரே மட்டத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ தள்ளித் தள்ளி ஓட்டை போட்டிருப்பாங்க. கேட்டை அமுக்குனா வயரே முறுக்கிக்கும், விட்டா தானே திரும்பும். பார்ட்டு கொறைஞ்சா கோளாறும் கொறையும், இது எந்த மெசினுக்கும் பொருந்துமுங்க.

ஆனா எனக்குப் புடிக்காத ஒண்ணும் இருக்குது. கயிறு உக்கார்ற அந்த வளைவு, அதோட அகலம் முக்கியமுங்க. இருபது கிராம் பைனருல அந்த எடம் ரொம்பக் குறுகலா இருக்குது. கயிறு குறுகலான எடத்துல மடங்குனா கயிறுக்கும் கேடு, பைனருக்கும் கேடு. பையன் பதாமி போயிட்டு வந்தான்னா கயித்துல செம்மண் மணல் பூரா ஒட்டியிருக்கும், அது உப்புக் காகிதம் மாதிரிதானுங்க, மேல இருந்து ஆளை எறக்கும்போது அலுமினியத்தை அறுத்துட்டே போகும். அவனோட குட்டிப் பைனரு ஒண்ணு ஒரே சீசன்ல பள்ளம் விழுந்துருச்சு, ஓரத்துல நகத்தை வெச்சா சீவுது. அதைத் தூக்கி ஸ்க்ராப்புல போட்டுட்டேன். அந்த ஓரம் கயித்தையும் சீவுமுங்க, பழசாப் போயி பள்ளம் விழுந்த பைனரு ஓரத்துல பட்டு கயிறு அறுந்த சம்பவம் எல்லாம் நடந்திருக்குது.

துரஹள்ளி_தம்பி:

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. காதுகிட்ட தட்டிப் பார்த்தேன், சாலிட் கேட்ல டிக் டிக்னு நல்லாவே கேக்குது, கொஞ்சம் பயமாவும் இருக்கு, இத்தனை நாள் இதுலதான் விழுந்துட்டு இருந்திருக்கேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 பைனர், 45ல இருந்து 33க்கு வந்தா 288 கிராம்தான் மிச்சம். 19க்குப் போனா 624 கிராம். அரை கிலோவுக்கு மேலன்னா சும்மா இல்லையே? ராமநகரால அந்த அண்ணன் ஹார்னஸ்ல தொங்குனதைப் பார்த்தா பாத்திரக்கடையே தொங்கற மாதிரி இருந்துச்சு, அவருக்கெல்லாம் அரை கிலோ பெரிய விஷயம்தானே. அப்போ இந்தக் குட்டி பைனரை எல்லாம் யாருக்காகச் செய்யறாங்க?

பருத்தித்துறை_மலையேறி:

தம்பிக்கு வணக்கம். நான் இஞ்ச ஷெஃபீல்ட்ல இருக்கிறன், ஸ்டானேஜ் பாறை எங்கட வீட்டில இருந்து காரில அரை மணித்தியாலம் கூட இல்லை. அங்க போல்ட் எண்ட கதையே இல்லை, எல்லாம் நட்டும் கேமும் வைச்சுத்தான் ஏற வேணும், அதால உங்கட கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

நீங்கள் 24 பைனருக்குக் கணக்குப் போட்டிருக்கிறியள், அப்பிடிப் போல்ட் இல்லாமல் ஏறிற ட்ராட்டுக்கு அது காணாது. என்ர ஹார்னஸ்ல கேம் 10, ஒவ்வொண்டுக்கும் ஒரு பைனர். நட் கோத்த பைனர் 3. நீட்டு ஸ்லிங் (துணி வளையம்) போட்ட ட்ரா ஒரு பத்து, அதுக்கு 20. ஆங்கருக்கு (மேல போய் எங்களைக் கட்டிற இடம்) எண்டு இன்னும் நாலைஞ்சு. எல்லாம் சேர்த்து 40 கிட்ட வந்திடும். அதில அரைவாசி பைனர் ஒரு வேலையும் செய்யாமல் இடுப்பில தொங்கிக் கொண்டுதான் வரும். கேம் தொங்கவிடுற பைனரை எடுங்கோ, பாதிச் சமயம் அதில கயிறே ஓடாது, கேமின்ர ஸ்லிங்கில இன்னொரு ட்ராவைப் போட்டு நீட்டித்தான் கயிறைக் கொழுவுவம். அந்த இடத்துக்குத்தான் 19, 22, 26 கிராம் பைனர் எல்லாம். அங்க கயிறு தேயாது, மணல் அரைக்காது, ஆனால் பத்துப் பன்னிரண்டு பைனரில கால் கிலோ குறையும். வேல்ஸில நாலைஞ்சு பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறிற கட்டம்) ஏறிக் கொண்டு போகேக்க அந்தக் கால் கிலோ இடுப்புக்குத் தெரியும்.

குட்டிப் பைனரில இன்னொரு சிக்கல், கை. எனக்குக் கொஞ்சம் தடிச்ச விரல், கேட் திறக்கிற இடைவெளி சின்னன் எண்டால் விரல் நடுவில மாட்டிப் போகும், பயந்து போய் நிக்கிற நேரத்தில கயிறு கொழுவிறது பெரும் பாடு. ஸ்கொட்லாந்துக்குப் பனியில ஏறப் போகேக்க கையுறையோட குட்டிப் பைனர் சரிவரவே வராது. பனிக்கு வயர்கேட் நல்லம் எண்டதை மறுக்கேல்ல, சாலிட் கேட் ஈரம் புகுந்து உறைஞ்சு போகும், வயரில உறையிறதுக்கு இடமே இல்லை, ஆனால் அதுக்குப் பெரிய வயர்கேட்டாப் பார்க்க வேணும். கேம்ப் ஃபோட்டான் 30 கிராம் வரும், உடம்பு பெரிசு, வாயும் நல்ல அகலமாத் திறக்கும், நான் கயிறுப் பக்கம் எல்லாத்துக்கும் அதைத்தான் போட்டிருக்கிறன்.

நிறத்தையும் கவனியுங்கோ. கேமின்ர ஸ்லிங் என்ன நிறமோ அதே நிறப் பைனர் வாங்குங்கோ. கால் நடுங்கிற நேரத்தில கீழ குனிஞ்சு பார்த்து எழுத்து வாசிக்கேலாது, மஞ்சள் வேணும் எண்டால் மஞ்சளை எடுக்கிறதுதான்.

செம்மண்_கயிறு:

ஷெஃபீல்ட் அண்ணா சொன்னது சரிதான், நானும் கேம்ல எல்லாம் குட்டிதான் போட்டிருக்கேன். ஆனா தம்பி, நீ அதைப் படிச்சுட்டு பதாமிக்கும் குட்டியையே வாங்கிராதே. பதாமில நீ என்ன பண்ணுவ? ஒரே ரூட்ல நாள் பூரா விழுவ, திரும்ப ஏறுவ, திரும்ப விழுவ. கயிறு அதே பைனர்லயே ஓடிட்டு இருக்கும். நீ விழும்போது மேல இருக்கற பைனர் உன் பக்க இழுவையை மட்டும் வாங்கறது இல்ல, பிலே பண்றவர் (கீழ கயிறு பிடிக்கறவர்) பக்க இழுவையையும் சேர்த்து வாங்கும். உன் பக்கம் 3 கிலோநியூட்டன்னா அது கிட்டத்தட்ட 5 வாங்குது. கேட் திறந்தா 7தான்னு இருக்கற பைனருக்கும் 9, 10 இருக்கற பைனருக்கும் அங்கதான் வித்தியாசம் தெரியும். ஸ்போர்ட்டுக்கு (போல்ட் ரூட் ஏறறதுக்கு) வாங்கும்போது நான் 9க்குக் கீழ எடுக்கறதே இல்ல. இது என் பிடிவாதம்னே வெச்சுக்கோ, ஆனா என் கூட ஏற வர்ற புதுப் பிள்ளைங்க கிட்டயும் இதைத்தான் சொல்றேன்.

ட்ராட்டுக்கு நீட்டு ஸ்லிங் ட்ரா செய்வாங்கன்னு அண்ணா சொன்னாங்கல்ல, அதுல ஒரு விஷயத்தை இப்பவே மண்டையில ஏத்திக்கோ. க்விக்ட்ராவோட கயிறுப் பக்கத்துல பைனர் ஆடாம இருக்க ஒரு ரப்பர் போட்டிருப்பாங்க. அதே ரப்பரை நீட்டு ஸ்லிங்ல போடவே கூடாது. ஸ்லிங் சுத்திக்கிட்டு, ஒரு மடிப்பு மட்டும் பைனர்ல மாட்டினா பார்க்க எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தெரியும், ஆனா தாங்கிட்டு இருக்கறது அந்த ரப்பர் மட்டும்தான். க்விக்ட்ராலயும் ரப்பரைக் கழட்டி மாட்டும்போது பைனர் துணிக்குள்ள போயிருக்கா, ரப்பருக்குள்ள மட்டும் போயிருக்கான்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். 2013ல பிரான்ஸ்ல ஒர்ப்பியேர்ங்கற இடத்துல 12 வயசு இத்தாலியப் பையன் ஒருத்தன், அந்த வயசுக்கு அபாரமா ஏறினவன், இப்படி தப்பா கோத்த க்விக்ட்ராங்களாலதான் விழுந்து இறந்து போனான். கோத்தது அவன் கூட இல்ல. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு கலங்கும். இரவல் செட்ல ஏறிட்டு இருக்கேன்னு சொன்னியே, இந்த வாரமே அந்த 12லயும் ரப்பரைத் தள்ளிட்டுப் பாரு.

கோவை_லேத்து:

அம்மிணி சொன்னதை ஆமோதிக்கறேனுங்க. பையன் செட்டுல நானே ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்துருவேன்.

இன்னொண்ணு, வாங்கும்போது முதுகுல அடிச்சிருக்கற எழுத்தைப் பாருங்க. சி.இ. மார்க், பக்கத்துல நாலு நம்பர், மூணு விதமான கிலோநியூட்டன் அளவு, தயாரிப்பு நம்பர், இவ்வளவும் மெட்டல்லயே இருக்கோணும். ஸ்டிக்கரா ஒட்டியிருந்தா வேண்டவே வேண்டாம். சாவிக்கொத்துக்கு விக்கறதும் இதே உருவத்துல, இதே கலர்ல வருது, எங்க ஊர் பஜார்லயே தொங்குது. நம்பிக்கையான கடையில பில்லோட வாங்குங்க.

துரஹள்ளி_தம்பி:

அக்கா, நேத்து ராத்திரியே 12லயும் ரப்பரைத் தள்ளிப் பார்த்துட்டேன். 11 சரியா இருந்துச்சு. ஒண்ணுல ரப்பரே கிழிஞ்சு பாதி தொங்குது, தைச்ச துணிக்குள்ளதான் பைனர் இருந்துச்சு, ஆனாலும் அதை தனியா எடுத்து வெச்சுட்டு குடுத்தவருக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், அவரும் பதறிட்டாரு.

லிஸ்ட் இப்படி போடலாம்னு இருக்கேன். இந்த வருஷம் பதாமிக்கு மட்டும் 12 க்விக்ட்ரா, போல்ட் பக்கம் வைல்ட் கன்ட்ரி ஹீலியம், கயிறு பக்கம் கேம்ப் ஃபோட்டான். குட்டி பைனர் இப்போ வேணாம், அடுத்த வருஷம் கேம் வாங்கும்போது அதோட நிறத்துக்கு வாங்கிக்கறேன். பட்ஜெட் கொஞ்சம் கூடுது, அதனால முதல்ல 8 வாங்கிட்டு மீதி 4 இரவல்ல ஓட்டலாமான்னு பார்க்கறேன். கடைசியா ஒரே ஒரு கேள்வி, போல்ட் பக்கம் கயிறு பக்கம்னு ரெண்டையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணா தேய்மானம் சமமா இருக்குமேன்னு ஃப்ரெண்ட் சொல்றான், பண்ணலாமா?

செம்மண்_கயிறு:

லிஸ்ட் நல்லா இருக்கு. 8 வெச்சே ஆரம்பி, பதாமில நீ இப்போ ஏறற ரூட்டுக்கு 12 தேவைப்படாதது நிறைய இருக்கு.

மாத்தவே மாத்தாதே. ஹேங்கர் ஸ்டீல், பைனர் அலுமினியம், நீ விழற ஒவ்வொரு தடவையும் ஹேங்கரோட ஓரம் பைனர் உள்பக்கத்தைக் கொத்தும், சின்னச் சின்ன பிசிறு கிளம்பியிருக்கும், விரலை விட்டுத் தடவினா தெரியும். அதுல கயிறை ஓட்டினா கயிறோட மேல் தோல் பிஞ்சு வந்துரும். நீ ரெண்டு பக்கமும் வேற வேற பைனர் போடறதால குழப்பமே வராது, ஹீலியம் எப்பவும் போல்ட்டுக்கு, ஃபோட்டான் எப்பவும் கயிறுக்கு. கயிறு பக்கம் 1 மில்லிமீட்டர் பள்ளம் தெரிஞ்சா நான் தூக்கிப் போட்டுருவேன், நீயும் அப்படியே பண்ணு. ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சதும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வை, கேட் அடியில இருக்கற ஓட்டையில செம்மண் உக்காந்துரும், பழைய டூத் பிரஷ் போதும்.

ஜனவரி ரெண்டாவது வாரம் நாங்க ஆறு பேர் பதாமி போறோம். வர்றதுன்னா தனியா மெசேஜ் பண்ணு, உன் புது செட்டை ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை என் கண்ணால பார்த்துக்கறேன்.